கல் மாதிரி ஒரு மெத்தை

"தொட்டிலுக்கு மெத்தை வாங்கிட்டு வாங்க. ஆனா நீங்க அழுத்திப் பாக்க வேண்டாம்" என்றாள் மனைவி. ஏன் என்று அவருக்குத் தெரியும்.

அவர் சோபா செய்கிறவர். முதல் குழந்தைக்கு மெத்தையையும் அவரே செய்தார். அடியில் கட்டியான ஃபோம், மேலே இரண்டு அங்குலத்துக்கு இருப்பதிலேயே மிருதுவானது. பார்க்க வந்தவர்கள் கன்னத்தை வைத்துப் பார்த்துச் சிரித்தார்கள். நாற்பத்தோராம் நாள் காலையில் குழந்தையின் முகம் அதில் புதைந்திருந்தது; மூச்சு இல்லை. மெத்தைதான் காரணமா என்று டாக்டர் உறுதியாகச் சொல்லவில்லை.

இரண்டாவது பிறந்து பத்தொன்பது நாள். மனைவி அதை மரத் தொட்டிலில் விடவே இல்லை. மடியில் வைத்தபடி உட்கார்ந்தே தூங்கிவிடுகிறாள். அது இன்னும் ஆபத்து என்று நர்ஸ் திட்டிவிட்டுப் போயிருந்தாள்.

கடைக்கு மச்சானையும் கூட்டிப் போனார். மச்சான் பஸ் டிரைவர்.

"எனக்குத் தெரிஞ்ச மெத்தை டிரைவர் சீட்டுதான், மாமா."

"அழுத்திப் பாரு. கையை எடுத்ததும் குழி நிக்குதா?"

"நிக்குது."

"அடுத்தது."

நான்காவதை அழுத்தியதும் மச்சான் கையை உதறினான். "இது கல்லு. எங்க பஸ் சீட்டே தேவலை."

"அது யாருக்கும் பிடிக்காதுங்க" என்றாள் விற்கிற பெண்.

"அதையே கொடுங்க."

"சின்னத் தலையணையும் தொட்டிலைச் சுத்தி வைக்கிற பஞ்சுத் தடுப்பும் இலவசம்."

"வேண்டாம்."

அவர் கைகள் பேன்ட் பைகளிலேயே இருந்தன.

வீட்டில் மச்சான்தான் அதைத் தொட்டிலில் இறக்கினான். ஓரத்தில் இரண்டு விரல் நுழைய இடமில்லை. விரிப்பை இழுத்துச் செருகிவிட்டு டியூட்டிக்குக் கிளம்பினான்.

மனைவி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து, ஒரு கையால் அழுத்தினாள். திரும்பவும் அழுத்தினாள்.

"நீங்களும் பாருங்க."

அவர் உள்ளங்கையை வைத்தார். இருபது வருடம் ஃபோமைத் தொட்ட கை. அது ஒன்றும் சொல்லவில்லை.

"கட்டியா இருக்கு" என்றார்.

அவள் குழந்தையை மல்லாக்கப் படுக்க வைத்தாள். காலி மடியோடு பக்கத்தில் உட்கார்ந்தாள். குழந்தையின் வயிறு ஏறி இறங்கியது. வெளியே யாரோ வண்டியைக் கிளப்ப முயன்றுகொண்டிருந்தார்கள்.

"நீ போய்ப் படு."

"நீங்க பாத்துக்கறீங்களா?"

"பாத்துக்கறேன்."

அவள் உடனே எழவில்லை. அவர் முகத்தைப் பார்த்தாள், பிறகு கைகளை. எழுந்து அடுத்த அறைக்குப் போனாள். கதவைச் சாத்தவில்லை.