ஒரே தாளில் இரண்டு நோட்டீஸ்

வார்டு தேர்தலையொட்டி எங்கள் கல்லூரித் துறை மாணவர்களுக்கும் ஊராருக்கும் நடத்திய ஆறு வகுப்புகளில் நான்காவதற்கு வந்தவர்கள் நாற்பத்தாறு பேர். மேடையில் பேராசிரியர், ‘தேர்தல் பிரசாரத்தில் நாகரிகம்’ அன்றைய தலைப்பு. முதல் வரிசை வழக்கம்போல் காலி. இரண்டாவது வரிசையில் சன்னலோரம் மருந்துக்கடைக்காரர், எங்கள் வார்டில் தேர்தலுக்கு நிற்பவர். மூன்றாவது வரிசையில் அவரை எதிர்த்து நிற்கும் தையல்கடை அம்மா, பக்கத்தில் அவர் தம்பி. கதவருகே சின்ன மேசையில் துறை எழுத்தராகிய நான். மற்றவர்கள் மாணவர்கள், விசிறிக்குக் கீழே இடம் பிடித்திருந்தார்கள்.

அந்த வகுப்பில் ஒரு கட்டுப்பாடு உண்டு. நோட்டீஸை உதாரணம் காட்டலாம். அதை அச்சடித்து வெளியிட்டவர் பெயரைக் காட்டக்கூடாது. பெயர்களைக் கத்தரித்து, நோட்டீஸ்களைத் தாளில் ஒட்டி, நகல் எடுத்துக் கொடுத்தது நான்தான். ஒரே நாளில் வந்தவற்றை ஒரே தாளில் ஒட்டுவது என் வழக்கம்.

ஐந்தாம் பக்கத்தைப் பேராசிரியர் வாசித்தார்: “காலாவதியான மாத்திரைக்கா உங்கள் ஓட்டு?” மாணவர்கள் சிரித்தார்கள். மருந்துக்கடைக்காரர் சிரிக்கவில்லை. வரிக்குக் கீழே தையல்கடை அம்மா கைகூப்பிய படம் இருந்தது.

மருந்துக்கடைக்காரர் பின்னால் திரும்பினார். “ஏம்மா, எதிர்த்து நில்லுங்க, வேண்டாங்கல. உங்க வீட்டுக் காய்ச்சலுக்கு எம் மாத்திரை கேக்கலையா?”

“அண்ணே, சத்தியமா இது என்னோடது இல்ல.”

“போட்டோ யாரோடது, என்னோடதா?” என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டார்.

எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. மேலே ஒட்டியது மூன்றாவது வேட்பாளரின் நோட்டீஸ். பெயர் இருந்த அதன் அடிப்பகுதியை வெட்டிவிட்டேன். கீழே ஒட்டியது அந்த அம்மாவுடையது, சாக்கடைக்கு மூடி போடுவதாகச் சொன்ன நோட்டீஸ். அதில் பெயரை மட்டும் வெட்டிப் படத்தை விட்டுவிட்டேன். நடுவில் ஒரு கோடுகூட இழுக்கவில்லை.

வகுப்பு முடிந்ததும் அந்த அம்மா தம்பியுடன் துறை அலுவலகத்துக்கு வந்தார். பேராசிரியர் முன்னிலையில், நான் ஒட்டியதில் நேர்ந்த தவறைச் சொன்னேன். “ஓட்டுக்கு இன்னும் மூணே நாள். கடையும் கடையும் ஒட்டி இருக்கு. அவரு மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?”

பேராசிரியர் என்னிடம், “‘யார் மனமாவது புண்பட்டிருந்தால் வருந்துகிறோம்’னு இவங்களுக்கு ஒரு வரியில கடிதம் எழுதிடுங்களேன்” என்றார்.

“இருந்தால் என்ன மேடம், இருந்தால்? புண்பட்டவங்க இதோ எதிர்ல நிக்கிறாங்க” என்றேன்.

தம்பி முந்திக்கொண்டார். “அந்த மாத்திரை வரியை அடிச்சவன் யாருன்னும் போடுங்க. நாளைக்கே மைக்ல வாசிச்சுடறோம்.”

“அதைப் போட மாட்டேன். போட்டா இது கடிதம் இல்ல, உங்க நோட்டீஸ்.”

“சும்மா இருடா” என்று தம்பியை அடக்கினார் அந்த அம்மா. “என்னோடது இல்லன்னு போட்டா எனக்குப் போதும். ஆனா எனக்கு எழுதி என்ன பிரயோஜனம்? மருந்துக்கடை அண்ணனுக்கு எழுதுங்க.”

பேராசிரியர் தயங்கினார். “துறையோட தப்புன்னு வெளிய போனா மிச்ச ரெண்டு வகுப்பையும் நிறுத்திடுவாங்க.”

“துறையோட தப்பு இல்ல, என்னோடது. அப்படியே எழுதறேன்.”

எழுதினேன். ஐந்தாம் பக்கத்தில் இருந்தவை இரண்டு வெவ்வேறு நோட்டீஸ்கள்; ஒட்டியது நான். மாத்திரை பற்றிய வரி படத்தில் இருப்பவருடையது அல்ல. இதைத் தாங்கள் யாரிடமும், எந்த மேடையிலும் காட்டலாம். அடுத்த வகுப்பின் தொடக்கத்தில் நானே எழுந்து இதைச் சொல்வேன். கீழே என் கையெழுத்து. பேராசிரியர் இருமுறை படித்தார். பேனாவைக் கேட்டு வாங்கி, என் பெயருக்குக் கீழே தானும் கையெழுத்திட்டார்.

“குடுங்க, போற வழிதானே” என்று தம்பி கை நீட்டினார்.

“நீங்க கொண்டுபோனா, நீங்களே எழுதி வாங்கினதுன்னு நெனப்பாரு.”

உறையை ஒட்டி, ஒட்டிய இடத்தில் துறை முத்திரை குத்தி, மருந்துக்கடை மூடுவதற்குள் அவர் கையிலேயே கொடுத்துவிட்டு வரும்படி கடைநிலை ஊழியரிடம் கொடுத்தனுப்பினேன்.