பரக்கத் பீவி வீட்டுக் கப்பல்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பதாம் வருடம் சித்திரை மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகை முடிந்து ஆண்கள் திரும்பிக்கொண்டிருந்த நேரத்தில், பழவேற்காட்டில் ஷாகுல் ஹமீதின் ஓட்டு வீடு ஏரியைப் பார்த்து இரண்டு முழம் நகர்ந்தது. அன்றைக்கு இறால் நல்ல விலைக்குப் போயிருந்ததால் ஊரில் பாதிப் பேர் அந்தப் பேச்சிலேயே இருந்து வீட்டைக் கவனிக்கவில்லை. முதலில் கவனித்தவர் ஷாகுல் ஹமீதுதான். வழக்கமாகப் படி இருக்கும் இடத்தில் காலை வைத்துச் சாக்கடையில் விழுந்தார்.

எல்லாம் ஒரு பெட்டியால் வந்த வினை. அதற்கு முந்தின வருடம் ஹாலந்து தேசத்து வெள்ளைக்காரர் ஒருவர் டச்சுக்காரர்களின் பழைய கல்லறைகளைப் பார்க்க வந்து, வெயில் தாங்காமல் தெருவில் மயங்கி விழுந்தார். ஷாகுல் ஹமீதின் மனைவி பரக்கத் பீவி அவருக்கு நன்னாரி சர்பத் கொடுத்து, கண் திறந்ததும் மீன் குழம்பும் சோறும் போட்டு, பொன்னேரி பஸ்ஸில் ஏற்றி அனுப்பினாள். மனுஷன் நன்றி மறக்கவில்லை, ஊர் போனதும் ஒரு பெட்டி அனுப்பிவைத்தார். உள்ளே ஒரு பாய்மரக் கப்பல் துண்டு துண்டாகக் கிடந்தது. விரல் நீளத்துக்கு விலா மரங்கள், மிளகு மிளகாகப் பித்தளைக் குண்டுகள், நூல்கண்டு, பாய்த் துணி, யாருக்கும் புரியாத பாஷையில் ஒரு படத்தாள். நாமேதான் ஒட்டிக் கப்பலாக்க வேண்டுமாம்! “முழுசா செஞ்சு அனுப்புனா இன்னாவாம்? கஞ்சப்பய” என்றார் ஷாகுல் ஹமீது. பரக்கத் பீவிக்கோ கை பரபரத்தது. நாள் முழுக்க பனையோலைக் கூடை முடைகிற கை அது, பிரிந்து கிடக்கும் எதையும் பார்த்துக்கொண்டு சும்மா இருக்காது.

இங்கேதான் ஒரு தப்பு நடந்துபோனது. அந்த ஊரில் படகுக்கு அடிமரம் வைத்தால் ஃபாத்திஹா ஓதி, சர்க்கரை பங்கிட்டு, மரத்துக்கும் ஒரு சிட்டிகை தடவிய பிறகுதான் சுத்தியலைத் தொடுவார்கள். பரக்கத் பீவியும் அப்படியே பள்ளிவாசல் மோதினார் முகைதீனைக் கூட்டி வந்தாள். அவர் முழ நீளம்கூட இல்லாத அந்த அடிமரத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், சர்க்கரைத் தட்டைப் பார்த்தார், ஓதிவிட்டார். பெட்டி வந்த தேசத்தில் பொம்மைக்கு யாரும் ஓதியிருக்க மாட்டார்கள். ஓதி சர்க்கரையும் தின்ற பிறகு, தான் பொம்மை என்று அந்தக் கப்பலுக்கு எப்படித் தெரியும்? விலா மரங்கள் ஏற ஏற வீட்டுக்குள் உப்பு வாசம் அடித்தது. பலகை ஒட்டிய அன்று கூடத்துக்குள் கடற்காகம் ஒன்று வந்து கப்பலைச் சுற்றிவிட்டுப் போனது. பாய்த் துணியை எலி கடித்துவிட, அவள் இளங்குருத்து ஓலையை மயிரிழையாகக் கிழித்துப் பாய்களை முடைந்தாள். உச்சிப் பாய் ஒன்றை மட்டும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள். பூனை தட்டிவிடுமே என்று பயந்து ஷாகுல் ஹமீது கப்பலை உத்திரத்தோடு சேர்த்து போல்ட் போட்டு முடுக்கினார். மறுநாள், அந்த வெள்ளிக்கிழமை, ஜன்னல் வழியாகத் தென்கிழக்குக் காற்று வந்தது, கப்பல் கிளம்பியது. வீட்டோடு கட்டிவைத்தால் வீடும்தானே கூட வரும்.

ஜமாஅத்தில் கூடிப் பேசினார்கள். போல்ட்டைக் கழற்றப் பார்த்தால், பல வருடம் கடலில் கிடந்ததுபோல் துருப்பிடித்துப் போயிருந்தது, கப்பலின் அடியில் சின்னச் சின்னச் சிப்பிகள் ஒட்டியிருந்தன. காற்று நாளில் பாயைச் சுருட்டி வைக்க வேண்டும் என்று முடிவு சொல்லிவிட்டு எல்லாரும் டீ குடித்தார்கள். பரக்கத் பீவியும் தெருவுக்குக் கட்டுப்பட்டு அப்படியே செய்தாள். ஆனாலும் காற்று வரும்போதெல்லாம் அவளுக்கு உள்ளங்கால் குறுகுறுக்கும், அதை யாரிடமும் சொன்னதில்லை.

அடுத்த வருடம் மகள் ஆமினாவை ஏரிக்கு அந்தப் பக்கம் ஆரம்பாக்கத்தில் கட்டிக்கொடுத்தார்கள். எண்பத்திரண்டில் அவள் முழுகாமல் இருந்தாள். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான், அதில் யாருக்கும் இரண்டாவது பேச்சு கிடையாது. பரக்கத் பீவி பழைய சேலைகளைத் துவைத்துக் கிழித்து மடித்து வைத்தாள், கருப்பட்டியும் சுக்கும் வாங்கி வைத்தாள், தொட்டில் கயிறு திரித்தாள். ஆவணியில் ஏரிப் படகுக்காரன் பொன்னுரங்கம் ஒரு சேதியோடு வந்தான். ஆமினாவுக்கு உதிரம் கண்டுவிட்டதாம், கட்டிலை விட்டு அசையக் கூடாது, பஸ்ஸும் வேண்டாம் படகும் வேண்டாம் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டதாம், மாமியாரும் அனுப்ப மாட்டேன் என்றுவிட்டாளாம். அந்தப் பெண் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு, உம்மா வீட்டுக்குப் போகணும் என்று ஓயாமல் அழுகிறாளாம். பரக்கத் பீவி மடித்து வைத்த துணிகளைப் பார்த்தாள், தொட்டில் கயிற்றைப் பார்த்தாள், தலையைத் தூக்கி உத்திரத்தைப் பார்த்தாள்.

“பொண்ணு வர முடியாட்டி இன்னா? வூடு போவாதா?”

“வூட்டைத் தூக்கிக்கினு எங்கடி போவ?” என்றார் ஷாகுல் ஹமீது.

“ஆரம்பாக்கத்துக்கு. நீங்க கோழியெல்லாம் உள்ள புடிச்சு வுடுங்க.”

லைன்மேன் வந்து கரண்ட் கம்பியை அவிழ்த்துவிட்டு, “வந்ததும் சொல்லு பாயம்மா, மாட்டித் தரேன்” என்றான். பரக்கத் பீவி பிஸ்மில்லா சொல்லிப் பாய்களை ஒவ்வொன்றாக விரித்தாள். வீடு ஒரு தும்மல் தும்மியது, ஓடுகள் கலகலத்தன, சிமெண்டுத் தரையோடு மணலில் சறுக்கி ஏரியில் இறங்கியது! தண்ணீர் வாசல்படி வரை வந்து நின்றது, மரியாதை தெரிந்த தண்ணீர், உள்ளே வரவில்லை. கரையில் பிள்ளைகள் கத்திக்கொண்டே ஓடிவந்தார்கள், பக்கத்து வீட்டுத் துணிக்கொடியும் கூடவே வந்துவிட்டது. பொன்னுரங்கம் கழியோடு படியில் நின்று சேறு இருக்கும் பக்கம் பார்த்து வழி சொன்னான். வழியில் தோணிரேவு ஊர் மீனவர்கள் வலையைத் தூக்கி வழிவிட்டு, எங்கே என்று கேட்டார்கள். தலைப்பிரசவம் என்று பதில் சொன்னதும், நல்லபடியா ஆவட்டும் என்று மறுபடி வலையை இறக்கினார்கள். பூநாரைகள் கூட்டமாக எழுந்து வீட்டுக்கு மேலே பறந்தன. நாற்பத்தைந்து வயதில் முதன்முதலாகத் தண்ணீரின் மேல் போகும் பரக்கத் பீவிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. அடுப்பில் சோறு வேறு கொதித்தது.

நடு ஏரியில் காற்று செத்துவிட்டது. பாய்கள் தொங்கின, வீடு நின்றது. ஆரம்பாக்கத்திலிருந்து எதிரே படகில் கழி போட்டு வந்த ஒருவன் ஆமினாவுக்கு வலி கண்டுவிட்டதாகச் சொல்லிவிட்டுப் போனான். ஷாகுல் ஹமீது துவா கேட்க உட்கார்ந்துவிட்டார். பொன்னுரங்கம் கழியை ஊன்றித் தள்ளிப் பார்த்தான். வீடு அசைகிற வழியாக இல்லை. பரக்கத் பீவிக்கு வந்ததே கோபம்! இடுப்பில் கைவைத்துக் கப்பலைப் பார்த்துக் கத்தினாள்: “ஓதி, சக்கரை குடுத்து, பெத்த புள்ள மாரி பாத்துக்கினேனே, இப்ப வந்து கழுத்தறுக்கிறியா? இன்னா கொறை வெச்சேன் உனக்கு?”

சொன்ன வாயை மூடவில்லை, குறை எது என்று கண்ணில் பட்டுவிட்டது. உச்சிப் பாய்! அவள் பாதி முடைந்த கூடையைப் பிரித்துப்போட்டு, ஓலையை நகத்தால் கிழித்து, அங்கேயே உட்கார்ந்து முடைய ஆரம்பித்தாள். விரல் ரத்தம் கண்டது, நிறுத்தவில்லை. உள்ளங்கை அளவுப் பாய் அது. ஸ்டூலின் மேல் ஏறி அதைக் கட்டிய நொடியில் காற்று வந்தது. ஏரியில் ஒரு அலைகூட இல்லை, காற்று வீட்டுக்குள் மட்டும் அடித்தது. அடுப்பு அணைந்து சோறு அரைவேக்காட்டில் நின்றது, வீடு பறந்தது.

ஆரம்பாக்கத்தில் சம்பந்தி மரியம் பீவி கொல்லைக் கதவைத் திறந்தபோது எதிரே பரக்கத் பீவியின் வாசற்படி இருந்தது. அந்த அம்மாள் நன்றாக ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னாள்: “தாய்வூட்டுக்கு அனுப்ப மாட்டேன்னு நான் சொல்லல. பஸ்ஸுல அனுப்ப மாட்டேன்னுதான் சொன்னேன்.” கட்டிலை அலுங்காமல் தூக்கி, ஒரு வாசலிலிருந்து அடுத்த வாசலுக்குள் வைத்தார்கள். ஆமினா கண்ணைத் திறந்து, தான் பார்த்து வளர்ந்த அதே உத்திரத்தைப் பார்த்து, “உம்மா, வூட்டுக்கு வந்துட்டனா?” என்றாள். “வந்துட்டடி, வந்துட்ட” என்று பரக்கத் பீவி அவள் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். மாலைத் தொழுகைக்கு முன்னால் பெண் குழந்தை பிறந்தது. அரைவேக்காட்டுச் சோற்றை மறுபடி வேகவைத்து எல்லாரும் சாப்பிட்டார்கள்.

நாற்பது நாள் கழிந்து, ஐப்பசியில் வாடைக் காற்று திரும்பியதும் வீடு தாயையும் பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு பழவேற்காடு வந்தது. காலி இடத்தில் ஆடு கட்டியிருந்த பக்கத்து வீட்டுக்காரர் ஆட்டை அவிழ்த்துக்கொண்டார், தன் துணிக்கொடியையும் வாங்கிக்கொண்டார். லைன்மேன் சொன்னபடி கம்பியை மாட்டினான். அந்தக் குழந்தை இப்போது பள்ளிக்கூடம் போகிறது. எங்கே பிறந்தாய் என்று யார் கேட்டாலும் உம்மாவோட உம்மா வூட்ல என்கிறது. அப்போது வீடு எங்கே இருந்தது என்று ஊரில் யாரும் கேட்பதில்லை.