பூசையில் வைத்த கணினி

பலெர்மோ நகரின் அல்பெர்கேரியாப் பகுதியில், மூன்றாம் மாடியில் குடியிருந்த மகேந்திரராசாவின் இணையத்தளம், நாள்தோறும் மாலை ஆறு மணிக்குத் திறந்து எட்டு மணிக்கு மூடும். யாழ்ப்பாண, வன்னி இடப்பெயர்வுகளில் தொலைந்தோரின் படங்கள் அதில் இருந்தன. முன்னர் அவற்றை வெளிநாட்டு நிறுவனமொன்று இலவசமாக வைத்திருந்து, ஒருநாள் அறிவிப்பின்றி அழித்துவிட்டது. அதன் பின்னர் அவர், தாம் துப்புரவு செய்யும் அலுவலகம் கழித்த பழைய கணினியைக் கேட்டு வாங்கி, வீட்டுத் தொலைபேசிக் கம்பியில் இணைத்து, அதிலேயே தளத்தை நடத்தினார். ஒரே கம்பியாதலால் அந்த இரண்டு மணி நேரமும் தொலைபேசி ஒலிக்காது. ஆகவே, 'செய்தி அறிந்தோர் எட்டு மணிக்குப் பின் அழைக்கவும்' என்று தம் தொலைபேசி எண்ணோடு தளத்தில் எழுதியிருந்தார்.

1998ஆம் ஆண்டு சரசுவதி பூசையன்று மாலை, மன்னாரைச் சேர்ந்த கத்தரீனா மூச்சிரைக்கப் படியேறி வந்தார். அவருடைய தம்பி யாக்கோபுவைப் பற்றி மூன்றாண்டுகளாக எச்செய்தியும் இல்லை.

"அண்ணை, மடு அகதி முகாமிலை இருக்கிற பாதர் ஜெர்மனிக்கு வந்திருக்கிறாராம். இண்டைக்கு எங்கடை படங்களைப் பாப்பார். விடியப் பிளேன்."

"அதுக்கென்ன, ஆறு மணிக்குத் திறக்கிறன்" என்று சொல்லி அறைக்குள் சென்ற மகேந்திரராசா திகைத்தார். மேசை வெறுமையாக இருந்தது. அவருடைய மனைவி கனகேஸ்வரி, கணினியைச் சரசுவதி படத்தின் முன் புத்தகங்களோடு அடுக்கி, சந்தனம் இட்டு, பட்டுத்துணியால் போர்த்தியிருந்தார்.

"இஞ்சாரும், இதை ஏன் தூக்கினீர்?"

"உங்கடை ஆயுதம் அதுதானே! பின்னை, விளக்குமாத்தையே வைக்கிறது? பூசையிலை வைச்சதை நாளைக்கு விடியத்தான் எடுக்கலாம்."

கத்தரீனா செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நின்றார். கனகேஸ்வரி அவருடைய முகத்தைச் சற்று நேரம் பார்த்தார்.

"எடுக்கக் கூடாதெண்டுதான் சொன்னனான். வயரை இஞ்சை கொண்டு வரக் கூடாதெண்டு சொன்னனானோ?"

மகேந்திரராசா கம்பியைக் கட்டிலுக்கு மேலாக இழுத்து வந்தார். பட்டுத்துணி விலகியது. கணினியின் விசிறிக் காற்றில் விளக்கு இருமுறை அணைந்தது. கனகேஸ்வரி அதை மறுபக்கம் நகர்த்திவைத்தார்.

தளத்துக்கு வருவோர் எதைத் திறந்தாலும் அவர்களுடைய நாட்டின் குறியோடு திரையில் ஒரு வரி விழும். ஏழு மணிக்கு ஜெர்மனியிலிருந்து ஒருவர் வந்தார். படங்களை ஒவ்வொன்றாகத் திறந்தார். யாக்கோபுவின் படத்தை மட்டும் மூன்று முறை திறந்தார்.

மகேந்திரராசாவின் கை கம்பியை நாடியது. "கழட்டிவிடுறன் பிள்ளை. உடனை போன் எடுப்பார்."

கனடாவிலிருந்து புதிய வரியொன்று அப்போதுதான் விழுந்தது. கத்தரீனா அவருடைய கையைப் பிடித்தார்.

"வேண்டாம் அண்ணை. அவையும் தங்கடை ஆக்களைத் தேடிப் பாக்கட்டும்."

எட்டு மணிக்குக் கம்பியைக் கழற்றியதும் தொலைபேசி ஒலித்தது. கத்தரீனா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, ரிசீவரை நெஞ்சோடு அணைத்தார்.

"இருக்கிறான் அக்கா! முகாம் பிள்ளையளுக்குக் கணக்குப் படிப்பிக்கிறானாம்."

"கணக்கோ? விரல்விட்டு எண்ணுற உனக்குத் தம்பிதானே?" என்று கண்களைத் துடைத்தபடியே கேட்டார் கனகேஸ்வரி.

மறுநாள் விசயதசமி. வேலைக்குப் போகும் வழியில் கத்தரீனா வந்தார். முதல் எழுத்து எழுதி ஏடு தொடக்கும் குழந்தையின் விரலைப் பிடிப்பதுபோல் கனகேஸ்வரி அவருடைய விரலைப் பிடித்து, யாக்கோபுவின் பெயரைப் பட்டியலிலிருந்து நீக்கும் விசையை அழுத்தச் செய்தார்.

"ஆருக்கு அக்கா நான் நன்றி சொல்லுறது?"

"இதைக் குப்பையெண்டு எறிஞ்ச, இவர் கூட்டித் துடைக்கிற கந்தோருக்குச் சொல்லு. இந்தா, அவல் சாப்பிடு."

கணினி மேசைக்குத் திரும்பியது. அதன் சந்தனத்தை எவரும் துடைக்கவில்லை.