அட்டையில் இருந்த இருபத்து நான்கு சொற்கள்

நான் கிரிப்டோவில் பணம் போடுவது அக்காவுக்கு மட்டும்தான் தெரியும். அக்காவுக்குத் தெரிந்தால் அத்தானுக்கும் தெரிந்த மாதிரிதான். மாதாமாதம் சம்பளத்தில் கொஞ்சம் என்று ஐந்து வருடமாகச் சேர்த்தது எல்லாம் கிரிப்டோ வாங்கி விற்கும் ஓர் எக்ஸ்சேஞ்ச் தளத்தில் கிடந்தது. சில மாதங்களுக்கு முன் 'பராமரிப்புப் பணி' என்று சொல்லி அந்த எக்ஸ்சேஞ்ச் பதினோரு நாள் கதவைச் சாத்திக்கொண்டது. எடுக்கவும் வழியில்லை, கேட்கவும் ஆளில்லை. பன்னிரண்டாம் நாள் திறந்ததும், இனி என் சாவி என் கையில்தான் என்று முடிவு செய்தேன்.

அதற்கென்றே ஹார்டுவேர் வாலட் என்று விரல் நீளத்துக்கு ஒரு கருவி இருக்கிறது. பணம் அதற்குள் இருக்காது. பணத்தைத் திறக்கும் சாவிதான் இருக்கும். முதன்முதலில் இயக்கும்போது அது இருபத்து நான்கு சொற்களைத் தன் திரையில் காட்டும். அவற்றைக் கையால் எழுதி வைத்துக்கொண்டால், கருவி உடைந்தாலும் வேறொன்றில் எல்லாவற்றையும் மீட்டுவிடலாம். அந்தச் சொற்கள் யாரிடம் இருக்கின்றனவோ அவர்தான் முதலாளி.

ஒரு வாரம் சாப்பாட்டு இடைவேளையில் எல்லாம் படித்துப் படித்து, கடைசியில் இரண்டில் வந்து நின்றேன். ஒன்று, இரண்டே பொத்தான் வைத்தது. நகத்தளவு திரை. தயாரிப்பவர்களிடமே நேரடியாக வாங்க வேண்டும், வந்து சேர மூன்று வாரம் ஆகும். மற்றது தொடுதிரை. பெரிய திரை என்பதால் பணம் போகும் முகவரியை முழுதாகப் படித்துச் சரிபார்க்கலாம். மனம் இதன் பக்கம்தான் சாய்ந்தது. விலை பின்னால் இழுப்பதை அக்காவிடம் போனில் சொன்னேன்.

ஞாயிறு காலை அத்தான் வந்தார். அவருக்கு எங்கள் வீட்டில் 'ஏஜென்சி' என்று பெயர். தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷின், காப்பீடு, மசாஜ் நாற்காலி என்று வருடத்துக்கு ஒரு சரக்கு, எல்லாம் சொந்தக்காரர்கள் தலையில். வந்ததும் சோபாவில் சரிந்து, விசிட்டிங் கார்டின் மூலையால் பல்லிடுக்கைக் குடைந்தார். குடைந்ததைப் பார்த்துவிட்டு, கார்டைத் திரும்பச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"அந்தப் பொத்தான் டப்பாவையா வாங்கப் போற? அதெல்லாம் பழைய மாடல்மா. இதப் பாரு, டச் ஸ்கிரீன். பாதி விலைக்கு நம்ம ஆளு ஒருத்தன் மூலமா எடுத்துட்டு வந்தேன்."

நான் பார்த்து வைத்திருந்த அதே தொடுதிரைக் கருவிதான். பெட்டியைக் கையில் வாங்கினேன்.

எனக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. நாளொன்றுக்கு நூறு முத்திரைகளாவது என் கண்ணில் படும். பிரித்து ஒட்டியது எது என்று தடவிப் பார்த்தே சொல்லிவிடுவேன். இந்தப் பெட்டியின் முத்திரை ஒழுங்காகத்தான் ஒட்டியிருந்தது. ஆனால் ஒட்டுக்கு அடியில் ஒரு முடி சிக்கியிருந்தது. குட்டையான முடி. நுனி சாயக் கறுப்பு, அடி வெள்ளை. அத்தானின் மீசையை நிமிர்ந்து பார்க்காமல் இருக்கப் பாடுபட்டேன். பெட்டியை விரல் நுனியால் திறந்தேன்.

உள்ளே கருவியோடு ஓர் அட்டை. வெள்ளிப் பூச்சைச் சுரண்டினால் அடியில் சொற்கள். ஒன்று முதல் இருபத்து நான்கு வரை, அழகாக அச்சடித்து.

"பாத்தியா? எழுதுற வேலையே இல்ல. கம்பெனிக்காரனே பிரிண்ட் பண்ணிக் குடுத்துடுறான். நீ பணத்த இதுக்கு மாத்திட்டா போதும்."

சொற்கள் கருவியின் திரையில்தான் வரும், அச்சடித்து வந்தால் அந்தக் கருவியைத் தொடாதீர்கள் என்று தயாரிப்பவர்களின் பக்கத்திலேயே கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அச்சடித்தவன் கையில் இன்னொரு பிரதி இருக்கும். நான் பணத்தைப் போட்ட நிமிடமே அவன் எடுத்துக்கொள்ளலாம். ஆனாலும் அத்தானையே யாரோ ஏமாற்றியிருக்கலாம் அல்லவா? கூடப் பிறந்தவளின் கணவர். அப்படித்தான் இருக்கும் என்று என்னை நானே நம்பவைத்துக்கொண்டேன்.

"வேற யாரு அத்தான் வாங்கியிருக்காங்க?"

"உங்க சித்தப்பா. அப்புறம் அக்கா ஸ்கூல்ல ரெண்டு டீச்சர். வெளியாளுங்களுக்கு நான் குடுக்கிறதே இல்லம்மா. எல்லாம் நம்மள நம்புறவங்களுக்குத்தான்."

யோசித்துச் சொல்வதாகச் சொல்லிப் பெட்டியை வாங்கி வைத்துக்கொண்டேன். அவர் தெருமுனை தாண்டியதும் வண்டியை எடுத்துக்கொண்டு சித்தப்பா வீட்டுக்கு ஓடினேன்.

சித்தப்பா முப்பது வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். எந்த இயந்திரம் வந்தாலும் கூட வரும் புத்தகத்தை அட்டை முதல் அட்டை வரை படித்துவிட்டுத்தான் கை வைப்பார். நான் கேட்டதும் பீரோவிலிருந்து கருவியையும் அதே மாதிரி ஓர் அட்டையையும் எடுத்து வந்தார்.

"நீங்களேவா சித்தப்பா எல்லாத்தையும் செஞ்சீங்க? அத்தான் கூட இருந்தாரா?"

"அவன் டப்பாவக் குடுத்துட்டுப் போயிட்டான். புத்தகம்கூட இல்ல, அட்டையப் பாத்து நான்தான் தனியா உக்காந்து போட்டேன். பாதிப் பணம்தான் போட்டிருக்கேன்மா. மிச்சம் வைப்புநிதி அடுத்த வாரம் முடியுது. வந்ததும் போட்டுடுறேன்னு அவன்கிட்ட சொல்லியிருக்கேன்."

பார்த்தோம். பணம் இருந்தது. எனக்கு மூச்சு வந்தது. அவருடைய போனிலேயே புதிதாக ஒரு வாலட் தொடங்கி, அது காட்டிய சொற்களை அவர் கையாலேயே எழுதச் சொல்லி, பணம் முழுவதையும் அதற்கு மாற்றினோம். முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. மாறிவிட்டது என்று திரையில் வந்து கால் மணி நேரம்கூட இருக்காது, என் போன் அடித்தது. அத்தான். ஸ்பீக்கரில் போட்டேன்.

"சித்தப்பா வீட்லயாம்மா இருக்க?"

"ஆமா அத்தான்."

"அவரு வயசானவரு, அவருக்கு என்ன தெரியும்? நீ எதுக்கும்மா எல்லாத்தையும் வெளிய எடுக்க வச்ச? உள்ள பத்திரமாத்தான இருந்துச்சு?"

சித்தப்பா என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். நாங்கள் யாரிடமும் மூச்சு விடவில்லை.

"எடுத்தது உங்களுக்கு எப்படித் தெரியும் அத்தான்?"

அந்தப் பக்கம் பல்லை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"சும்மா... ஒரு பாதுகாப்புக்கு, தினம் ஒரு தடவ பாத்துக்குவேன். குடும்பத்து ஆளுன்னு ஒரு அக்கறைதான்."

வைத்துவிட்டேன். அடுத்த வாரம் மிச்சப் பணமும் வந்து சேரட்டும் என்று காத்திருந்திருக்கிறார். தினமும் காலையில் எழுந்து, தன்னிடம் இருந்த சொற்களின் பிரதியை வைத்து அந்தக் கிழவரின் கணக்கைத் திறந்து பார்த்து, இன்னும் பழுக்கவில்லை என்று மூடி வைத்திருக்கிறார்.

சித்தப்பா எழுந்து போய்ச் சோப்புப் போட்டுக் கை கழுவினார். வெகுநேரம் கழுவினார்.

"போன வாரம் இங்கதாம்மா உக்காந்து சாப்பிட்டான். போதும் போதும்னு சொல்லிக்கிட்டே மூணு தடவ போட்டுக்கிட்டான்" என்றார்.

மாலையில் அக்கா வீட்டுக்குப் போனேன். அத்தான் இல்லை. நடந்ததைச் சொன்னேன். அவள் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். நான் பேசி முடிக்கும் வரை தலை நிமிரவில்லை.

"அவர் யார் பணத்தையாவது எடுத்தாரா? பாத்தாரு, அவ்ளோதானடி?"

"அந்த அட்டைங்கள யாருக்கா அடிச்சது?"

சிவப்புப் பேனா நின்றது.

"நான்தான் எடுத்துக் குடுத்தேன். ஸ்கூல்ல கலர் பிரிண்டர் இருக்கு. வரிசையா ஏதோ சொல்லு சொல்லா இருந்துச்சு. என்னன்னு நான் கேக்கல."

"உனக்குத் தெரியாதாக்கா?"

"தெரிஞ்சிக்க வேணாம்னு இருந்தேன்" என்றாள். சொல்லிவிட்டு அடுத்த விடைத்தாளை எடுத்துத் திருத்த ஆரம்பித்தாள்.

சீழையும் சளியையும் மலத்தையும் தினமும் கையாளுகிறேன். ஒரு நாளும் சாப்பாட்டை ஒதுக்கியதில்லை. அன்றைக்கு அவள் கொண்டுவந்து வைத்த தண்ணீரைக்கூடக் குடிக்க முடியவில்லை.

மறுநாள் இரண்டு டீச்சர்களின் எண்ணையும் பள்ளி அலுவலகத்தில் கேட்டு வாங்கினேன். ஒருவர் இன்னும் பெட்டியைப் பிரிக்கவே இல்லை. மற்றவர், கணக்கு டீச்சர், நான் விஷயத்தைச் சொல்லத் தொடங்கியதும் அழுதுவிட்டார். வெள்ளிக்கிழமையே அவருடையது மொத்தமும் காலியாகிவிட்டது. தான்தான் எதையோ தவறாக அழுத்திவிட்டோம் என்று வெட்கப்பட்டு வீட்டில்கூடச் சொல்லவில்லை. அதற்குப் பிறகும் ஆசிரியர் அறையில் அக்காவுக்குப் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறார். அக்கா அவருக்குத் தலைவலி மாத்திரை கொடுத்திருக்கிறாள்.

நான், சித்தப்பா, கணக்கு டீச்சர் மூன்று பேரும் போய்ப் போலீசில் புகார் கொடுத்தோம். சித்தப்பா வர மாட்டார் என்று நினைத்தேன். அவர்தான் முதலில் கையெழுத்துப் போட்டார். அத்தான் இரண்டு வாரம் உள்ளே இருந்துவிட்டு ஜாமீனில் வந்தார். டீச்சரின் பணம் இன்னும் வந்தபாடில்லை. வரும் என்று எனக்கும் நம்பிக்கை இல்லை.

எனக்குப் பொத்தான் வைத்ததே போதும் என்று அதைத் தயாரிப்பவர்களிடமே வாங்கினேன். சித்தப்பாவுக்கும் சேர்த்து இரண்டு. அழுத்தினால் டக்கென்று சத்தம் வரும் இயந்திரத்தைத்தான் அவர் நம்புவாராம்.

அக்காவை அதன் பிறகு ஒரே ஒரு தடவை பார்த்தேன். டீச்சரை வக்கீலிடம் கூட்டிப் போகப் பள்ளி வாசலில் நின்றிருந்தபோது வெளியே வந்தாள். இளைத்திருந்தாள். நேராக வந்து என் கையைப் பிடித்தாள்.

"என்கிட்டயாவது பேசுடி" என்றாள்.

பேச நிறைய இருந்தது. ஆனால் அவள் விரல்கள் என் மணிக்கட்டில் பட்டதும் உடம்பு தானாகப் பின்வாங்கியது. கையை உருவிக்கொண்டு, டீச்சரை ஏற்றிக்கொண்டு வண்டியைக் கிளப்பினேன்.