சம்மதக் கடிதத்தில் ஒரு திருத்தம்

மத்திய சர்க்காரில் பதினாறு வருஷம் குப்பை கொட்டிய மகாதேவனுக்கு, எந்தக் காகிதத்தையும் திருத்தாமல் கையெழுத்துப் போட வராது. அந்த வியாதி 1982-ல், டில்லியின் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில், ஆபரேஷன் தியேட்டர் வாசலில் வந்து அவன் கழுத்தை அறுத்தது.

மனைவி ருக்குவுக்கு இதயத்தில் ஒரு வால்வு கெட்டுவிட்டது. உலோக வால்வு வைத்தால் ரத்தம் உறையாமலிருக்க ஆயுசுக்கும் மாத்திரை. பின்னால் பிள்ளை உண்டானால் அது வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது. பன்றியின் வால்வு வைத்தால் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் பத்து வருஷத்தில் தேய்ந்துபோகும், மறுபடியும் மார்பைப் பிளக்க வேண்டும். மகாதேவன் பன்றிக்குத் தலையாட்டிவிட்டான். லோதி ரோடு குவார்ட்டர்ஸ் மாடிப்படியில் ஆம்லெட் வாடை வந்தாலே மூக்கைப் பொத்திக்கொள்கிறவளிடம் அதைச் சொல்லத்தான் தைரியமில்லை. ஆபரேஷனுக்குக் கொடுத்த சம்மதக் கடிதம் அவள் கண்ணில் பட்டுவிட்டால் என்ன செய்வது என்று, 'பன்றி' என்ற வார்த்தையை அடித்து, 'திசு' என்று எழுதி, ஆபீஸ் வழக்கப்படி ஓரத்தில் சுருக்கொப்பமும் போட்டுவைத்தான்.

எட்டரைக்கு நர்ஸ் அம்சவேணி அந்தக் கடிதத்தோடு ஓடி வந்தாள்.

"திருத்தினா பேஷண்ட்டும் சைன் பண்ணணும் சார். ஒன்பதுக்குள்ள வரலைன்னா இன்னிக்கு லிஸ்ட்ல பேர் கிடையாது. ஜல்தி!"

இன்னொரு வாரம் தாங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். மயக்க ஊசிக்காக ஸ்ட்ரெச்சரில் காத்துக் கிடந்த ருக்கு கையை நீட்டிக் கடிதத்தை வாங்கிக்கொண்டாள். அவள் மந்திர் மார்க் பள்ளியில் டீச்சர். பிள்ளைகள் அடித்துவைத்ததைப் படித்துப் படித்துப் பழகியவள்.

"பன்னியா?"

"உனக்குக் குழந்தை வேணுமேன்னுதான்..."

"என் மார்பைப் பிளக்கறதுக்கு எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டேளா?"

அவள் அழவில்லை. அதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது. மணி எட்டு ஐம்பது. 'வேண்டாம்' என்று சொல்லிவிட்டாளானால் அவளைப் பறிகொடுத்துவிட்டு நிற்க வேண்டியதுதான்.

"எத்தனை வருஷம் தாங்கும்?" மூச்சு வாங்கியது அவளுக்கு.

"பத்து. அப்புறம் மறுபடியும் ஆபரேஷன்."

ருக்கு கண்ணை மூடிக்கொண்டாள். உதடு மட்டும் அசைந்தது.

"அதுக்குள்ள பிள்ளை மூணாங்கிளாஸ் வந்துடும்" என்றாள். "பேனாவைக் குடுங்கோ."

அவன் எழுதியதை அடித்தாள். அவன் அடித்த வார்த்தையை மேலே குண்டு குண்டாகத் திரும்ப எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அம்சவேணி ஸ்ட்ரெச்சரைத் தள்ளினாள்.

"அடுத்த தடவை என்னைக் கேட்டுண்டு போடுங்கோ."

கதவு சாத்திக்கொண்ட பிறகும் மகாதேவன், "சரி, சரி" என்று சொல்லிக்கொண்டே நின்றான்.