மேற்கே ஏறிய தண்ணீர்

அணு உலையை மூடிப் பல வருடங்கள் ஆகியும் அதனடியில் ஒரு பம்ப் மட்டும் ஓய்ச்சல் ஒழிச்சல் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. பழைய எரிபொருள் கட்டடத்தின் கீழ் கதிரியக்கக் கழிவு கசிந்து மண் கெட்டுப்போயிருந்தது. அங்கே ஊறும் நீர் வெளியே கசியாதபடி உறிஞ்சிச் சுத்திகரிப்புத் தொட்டிக்கு அனுப்புவதுதான் அதன் வேலை.

உலையைக் கலைத்து நிலத்தைச் சீர்படுத்தும் திட்டத்தைத் தீட்டிய பொறியாளருக்கு அங்கே ‘ஸ்கேல் மேடம்’ என்று பெயர். கோணல் எதுவும் கண்ணில் பட்டுவிடக் கூடாது அவளுக்கு. பம்பை நிறுத்தினாலும் நீர் கிழக்கே, வேலிக்குள் இருக்கும் குட்டைக்குத்தான் போகும், அங்கே பிடித்துக்கொள்ளலாம் என்று அவள் கணித்திருந்தாள். உலைக்காக ஊராரிடமிருந்து எடுத்த மேற்கு நிலத்துக்கு ஆபத்தில்லை என்றால் அதைப் பழைய சொந்தக்காரர்களிடமே திருப்பிக் கொடுத்துவிடலாம். அந்தச் சொந்தக்காரர்களில் அவள் அப்பாவும் ஒருவர். அப்பா போய்ச் சேர்ந்த பிறகு, “எனக்கு வேண்டாம், நீயே வீடு கட்டிக்கோ” என்று தன் பங்கையும் தங்கைக்கே விட்டுக்கொடுத்திருந்தாள். தங்கை அப்போதே சமையலறைக்கு ஜன்னல் எந்தப் பக்கம் என்று மாப்பிள்ளையோடு மல்லுக்கு நிற்க ஆரம்பித்துவிட்டாள்.

அன்று காலை பம்பை நிறுத்திச் சோதனையைத் தொடங்கினார்கள். மாலையில் ஊர்க் கூட்டம். மேற்கு நிலம் திரும்பக் கிடைக்கும் என்று நிலைய இயக்குநர் அறிவிப்பதாக ஏற்பாடு.

கட்டுப்பாட்டு அறைத் திரையில், கட்டடத்தைச் சுற்றித் தோண்டிய கண்காணிப்புக் கிணறுகளின் நீர்மட்டம் கோடுகளாக ஓடியது. மதியம் வரை எல்லாம் படுத்துக் கிடந்தன. பிறகு ஒரு கோடு தலை தூக்கியது.

“மேற்குக் கிணறு ஏறுது சார்” என்றாள் ஸ்கேல் மேடம்.

இயக்குநர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைக்கவில்லை. “மழைத் தண்ணியா இருக்கும்மா.”

“மழை பெஞ்சு மாசக்கணக்காச்சு. கிழக்குக் கிணறு அசையவே இல்ல, பாருங்க. நான் சொன்னதுக்கு நேர் எதிரா போகுது.”

“அழுக்கு அங்க வந்துடுச்சா?”

“இன்னும் இல்ல. ஆனா வழி திறந்துடுச்சு. இப்படியே விட்டா வரும்.”

“சாயந்திரம் ஊரே கூடப்போகுது. சோதனை முழுசா முடியட்டும், அப்புறம் பேசிக்கலாம். உன் தங்கச்சிக்கும் சேர்த்துத்தானே சொல்றேன்.”

அந்தக் கடைசி வாக்கியம் அவளுக்குச் சுருக்கென்றது. கோடு இன்னொரு படி ஏறியது. அவள் ஒலிவாங்கியை எடுத்தாள். “பம்பைப் போடுங்க. இப்பவே.”

கீழிருந்து பம்ப் ஆபரேட்டரின் குரல் வந்தது. “போட்டேன் மேடம். உறுமுது, சுத்த மாட்டேங்குது.”

இத்தனை வருடம் நிற்காமல் ஓடிய மோட்டார், ஒருமுறை நின்றதும் இறுகிவிட்டது.

“மாற்று பம்ப்?”

“இனிமே தேவையில்லன்னு நீங்கதானே எழுதினீங்க? போன வாரம்தான் கழட்டினோம்.”

அவள் திட்டத்தில் அவளே போட்ட ஓட்டை. வெட்கப்பட நேரமில்லை. தொட்டி முற்றத்தில் டீசல் பம்ப் ஒன்று சக்கரவண்டியில் நிற்பது நினைவுக்கு வந்தது. பாதுகாப்பு உடையை மாட்டிக்கொண்டு ஓடினாள். ஆபரேட்டரும் அவளும் தள்ளினார்கள். வண்டி மாடு போல அடம் பிடித்தது. திரும்பிப் பார்த்தால், சட்டைக்கு மேல் உடையை அரைகுறையாக மாட்டிக்கொண்டு இயக்குநரும் பின்னால் தோள் கொடுத்துக்கொண்டிருந்தார்.

“என்ன பார்க்கற? தள்ளு!” என்றார்.

குழாயின் வாய், பழைய பம்ப் நீர் உறிஞ்சிய கிணற்றில் சரியாகப் பொருந்தவில்லை. ஆபரேட்டர் மண்டியிட்டு ரப்பர் வளையத்தைத் திருகினார். முகமூடிக்குள் அவளுடைய மூச்சே அவளுக்கு இரைந்தது. டீசல் பம்ப் இருமியது, நின்றது, மறுபடி இருமியது. மூன்றாம் முறை பிடித்துக்கொண்டது. தட்டையாகக் கிடந்த குழாய் விம்மி உருண்டது.

மேலே வந்து திரையைப் பார்த்தாள். மேற்குக் கோடு ஏறுவதை நிறுத்த மனமில்லாமல் இன்னும் ஏறியது. யாரும் உட்காரவில்லை. வெகுநேரம் கழித்து அது தயங்கியது. பிறகு மெல்ல இறங்கத் தொடங்கியது. மேற்குக் கிணற்று நீரைச் சோதித்த ஆய்வகத்திலிருந்து ‘சுத்தம்’ என்று தகவல் வந்ததும் ஆபரேட்டர் தரையிலேயே சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டார்.

“கூட்டத்துல நான் சொல்லிடறேன்” என்றார் இயக்குநர்.

“வேண்டாம் சார். கணக்குப் போட்டவ நான். நானே சொல்றேன்.”

மண்டபம் நிரம்பி வழிந்தது. தங்கை முன்வரிசையில், புதுச் சேலையில் இருந்தாள். அவள் முகத்தைப் பார்த்தால் நாக்கு எழாது என்று அக்கா சுவரைப் பார்த்துப் பேசினாள். நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். மேற்கு நிலம் இப்போதைக்குக் கிடையாது என்றாள். கூச்சல் வெடித்தது. “அதிகாரிங்க வாய்க்கு வந்ததைச் சொல்லுவாங்க, நாங்க தலையாட்டணுமா?” என்று ஒருவர் நாற்காலியை உதைத்தார்.

தங்கை எழுந்தாள். “இன்னும் எத்தனை வருஷம் ஆகும்?”

“தெரியாது.”

“அந்த பம்ப் ஓடுதா நிக்குதான்னு எங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்க சொன்னாத்தானா?” அக்காவை அவள் ‘நீங்க’ என்று அழைத்தது அதுதான் முதல் தடவை. “கிணத்துத் தண்ணியை எங்க ஆளுங்களும் வந்து பார்க்கணும். அதுக்கு ஒத்துக்கிட்டு அப்புறம் எழுந்து போங்க.”

இயக்குநர் அக்காவைப் பார்த்தார். அவள் தலையசைத்தாள். அவரும் ஒத்துக்கொண்டார்.

வாசலில் தங்கை வழிமறித்தாள். கண் சிவந்திருந்தது. “உன்மேல எனக்குக் கொலைவெறியே வருது, தெரியுமா? கொஞ்ச நாளைக்கு வீட்டுப் பக்கம் வராதே.”

“சரிடி.”

“ஒருவேளை நீ சொல்லாம விட்டிருந்தா…” என்று தொடங்கியவள், முடிக்காமல் மாப்பிள்ளையின் வண்டியில் ஏறிப் போய்விட்டாள்.

பிறகு தோண்டிப் பார்த்ததில், உலை கட்டிய காலத்துக் குழாய்ப் பள்ளம் ஒன்று, ஜல்லி கொட்டி மூடப்பட்டு, வேலியைத் தாண்டி மேற்கே போவது தெரிந்தது. எந்த வரைபடத்திலும் இல்லாத அந்தப் பள்ளத்தின் ஜல்லி வழியாகத்தான் நீர் மேற்கே பாய்ந்திருந்தது. அதை வெட்டி அடைப்பதுதான் புதிய திட்டத்தின் முதல் வேலை. பம்பை நிறுத்துவது கடைசிக்குப் போனது. தங்கை வாடகை வீட்டிலேயே இருந்தாள். ஒவ்வொரு மாதமும் ஊர்க்காரர்கள் கிணற்று நீரைச் சோதிக்க வரும்போது அவளும் வந்தாள். அக்காவிடம் அளவுகளை மட்டும் கேட்டாள். சில மாதங்கள் கழிந்து, சாப்பிட்டாயா என்றும் கேட்டாள்.