ஐஸ் பெட்டியில் ஒரு சதுரங்கப் புத்தகம்

அடையாற்று வெள்ளத்துக்குப் பயந்துதான் ரங்கன் தன் பழைய சதுரங்கப் புத்தகங்களைப் பரணில் ஏற்றி வைத்திருந்தான். ஆறு என்னவோ இந்த வருஷம் வாசற்படியோடு மரியாதையாகத் திரும்பிப் போய்விட்டது. ஒழுகியது மேல்தளம். அனகாபுத்தூர்க்காரனுக்குத் தண்ணீர் கீழேயிருந்துதான் வரும் என்று ஒரு நம்பிக்கை!

புத்தகப் பெட்டியை இறக்கித் திறந்தான். குரோம்பேட்டை பழைய பேப்பர் கடைகளில் வருஷக்கணக்காகப் பொறுக்கியதெல்லாம் ஊறிக் கிடந்தது. அதில் ஒரு சின்னப் புத்தகம் அவன் உயிர். யானை, குதிரை, மந்திரி என்று தமிழ்ப் பெயரிலேயே ஆட்டங்களைக் குறித்திருந்த, தாத்தா காலத்து அச்சு. இன்னொரு பிரதியை அவன் எங்கேயும் பார்த்ததில்லை. மீன் விற்றுவிட்டு வரும் மனைவி தையல்நாயகி அந்தப் பக்கம் திரும்பினாலே, "மீன் கையோட தொடாதே!" என்று அலறுவான்.

"வெயில்ல போடேன்யா," என்றாள் அவள்.

"வெயிலு எங்க கீது? நாளைக்கே பூஞ்சை புடிச்சிக்கும். சில்லுனு வெச்சா புடிக்காது, அப்பால ஒண்ணொண்ணா காய வெக்கலாம். கரண்ட் இல்லாம பிரிட்ஜும் செத்துக் கெடக்குது."

 தையல்நாயகி மீன் வைக்கும் ஐஸ் பெட்டியை இழுத்தாள். உள்ளேயிருந்த வஞ்சிரத்தையும் சங்கராவையும் அன்னக்கூடையில் வாரிப் போட்டாள். தெருப் பக்கம் எட்டிப் பார்த்து, "சரளாக்கா, சட்டி எடுத்துக்கினு வா! எல்லாரையும் கூப்புடு!" என்று குரல் கொடுத்தாள்.

"ஏய், வியாபாரம் இன்னா ஆவறது?"

"மீனு நாளைக்கும் வரும். இது வருமாய்யா? கவர்ல சுத்திக் குடு."

அன்று தெருவே மீன் குழம்பு சாப்பிட்டது. பிறகு கரண்ட் வந்து, மின்விசிறிக்கடியில் தாளுக்குத் தாள் நியூஸ்பேப்பர் வைத்து ரங்கன் ஒவ்வொன்றாக உலர்த்தினான். கடைசியாகத்தான் அந்தச் சின்னப் புத்தகத்தை எடுத்தான். ஓர் எழுத்துகூடக் கலையவில்லை. முகர்ந்து பார்த்தான். சுத்தமான வஞ்சிர வாசனை.

வியாபாரம் முடித்து வந்த தையல்நாயகி பழக்க தோஷத்தில் கதவோரமே நின்றாள். "பொழச்சிக்கிச்சா? நீயே பாத்து சொல்லு, என் கையில கவுச்சி."

ரங்கனுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. "அதுலயும் கவுச்சிதான்டி. வா, நீயே பிரி."

முந்தானையில் கையை அழுந்தத் துடைத்துக்கொண்டு, முதல் தடவையாக அவள் அதைப் பிரித்தாள்.

"இதுல யானை எங்கய்யா கீது?"